பூனைக்குப் பால் வேண்டாமே

எந்த விலங்கு என்ன சாப்பிடும் என்று சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பூனைக்குப் பால், முயலுக்கு கேரட் என்று அட்டையில் கோடு போட்டுப் பொருத்தச் சொல்லலாம் என்கிறது அது. அந்த இரண்டையும் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். முயலுக்கு முக்கிய உணவு புல்தான்.

என் 4 வயது பேத்திக்கு அட்டையைவிட டியூப்லைட் பக்கத்துப் பல்லிதான் பிடித்தது. ஈசலை லபக்கென்று கவ்வியதும், "பாட்டி, இறக்கையையும் முழுங்கிடுச்சு!" என்று கத்தினாள். அப்புறம் எதிர்வீட்டு மாட்டிடம் கூட்டிப்போனேன். மேல்தாடையில் முன்பற்கள் இல்லாததால் அது நாக்கைச் சுழற்றி வைக்கோலை இழுப்பதைக் காட்டினேன். சாயங்காலம் மாடு படுத்தபடி மென்றுகொண்டிருந்தது. "யாரும் ஒண்ணும் குடுக்கலையே, என்ன சாப்பிடுது?" என்று அவளாகவே கேட்டாள். அசைபோடுவதைப் பற்றி அப்போதுதான் சொன்னேன்.