டூராண்ட் கோடு: குத்தகைக் கதையை விடுங்கள், சமன் ஊரைப் பாருங்கள்

பாகிஸ்தான்-ஆப்கன் எல்லையான டூராண்ட் கோட்டில் சண்டை என்று செய்தி வந்தால் போதும், "டூராண்ட் ஒப்பந்தம் 100 வருஷக் குத்தகை, 1993லேயே காலாவதி" என்று யாராவது கிளம்பிவிடுகிறார்கள். 1893 நவம்பர் 12 அன்று காபூலில் ஆப்கன் மன்னர் அமீர் அப்துர் ரஹ்மானும் பிரிட்டிஷ் இந்தியாவின் வெளியுறவுச் செயலர் மார்ட்டிமர் டூராண்டும் கையெழுத்திட்டது ஏழே பிரிவுகள் கொண்ட ஒப்பந்தம். அதில் குத்தகையும் இல்லை, ஆண்டுக் கணக்கும் இல்லை. கோட்டுக்கு அப்பால் நாங்கள் தலையிட மாட்டோம், இப்பால் நீங்கள் தலையிடாதீர்கள், சாரம் அவ்வளவுதான். அமீருக்கு பிரிட்டிஷார் தந்த ஆண்டு மானியம் 12 லட்சம் ரூபாயிலிருந்து 18 லட்சமானது.

மொமண்ட், வசீர், ஷின்வாரி, அச்சக்சாய் என்ற பஷ்தூன் குலத்து மக்கள் இரு பக்கமும் ஆனார்கள். எந்த நாட்டோடு சேர்வது என்று வடமேற்கு எல்லை மாகாணத்தில் நடந்த 1947 வாக்கெடுப்பிலும் இந்தியா, பாகிஸ்தான் என்று இரண்டே பெட்டிகள். தனி பஷ்தூனிஸ்தான் கேட்ட எல்லைக் காந்தி கான் அப்துல் கஃபார் கானின் இயக்கம் புறக்கணித்தது. இந்தியாவுக்கு விழுந்தவை 2,874 வாக்குகள்!

ஆனாலும் சாமானியர்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். 1961இல் எல்லை மூடி, 1963இல் ஆப்கன் பிரதமர் தாவூத் விலகியபின் திறந்தது போன்ற இடைவெளிகள் உண்டு. உண்மையான வெட்டு விழுந்தது நம் காலத்தில். 2016 ஜூனில் தோர்கம் எல்லை வாயிலில் பாஸ்போர்ட், விசா கட்டாயம். 2017இலிருந்து வேலி: இரண்டு வரிசைக் கம்பிவலை, நடுவே சுருள் முள்கம்பி. பாகிஸ்தானின் பலுசிஸ்தான் மாகாணத்து எல்லையூரான சமனில் மட்டும் அடையாள அட்டையைக் காட்டிக் கடக்கலாம் என்றிருந்தது. 2023 நவம்பரில் அதற்கும் மூடுவிழா.

சமன்காரருக்கு வீடு இந்தப் பக்கம், கடை அந்தப் பக்கம், ஆப்கன் ஊரான ஸ்பின் போல்டக்கில். காலையில் போய், முதுகில் சரக்கு சுமந்து மாலையில் திரும்பும் கூலியாட்கள் ஆயிரக்கணக்கில். தினம் கடப்பவனிடம் விசா வாங்கி வா என்றால் எப்படி? மாதக்கணக்கில் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள்.

தீவிரவாதிகளைத் தடுக்க வேலி என்கிறது பாகிஸ்தான். கவலை நியாயமானதுதான். ஆனால் பெரும்பகுதி வேலி முடிந்தபிறகும், 2021இலிருந்து தாக்குதல்கள் கூடவே செய்தன. வேலியில் மாட்டிக்கொண்டது கூலிக்காரன்.

எல்லையோர மாவட்டத்தாருக்கு மட்டும் விரல்ரேகையோடு ஓர் அனுமதி அட்டை கொடுக்கலாம். ரேகைப் பதிவு பாகிஸ்தானின் அடையாள அட்டை ஆணையமான நாத்ராவிடம் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். சிக்கல் காபூலிலும் இருக்கிறது. மன்னர் காலத்துக்குப் பின் வந்த கம்யூனிஸ்டுகள் முதல் தாலிபான் வரை யாரும் இந்தக் கோட்டை ஏற்கவில்லை. போக்குவரத்து ஏற்பாடு ஒன்றில் கையெழுத்திட்டாலே எல்லையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று தயங்குகிறார்கள். "இந்த ஏற்பாடு எல்லை உரிமைகோரலைப் பாதிக்காது" என்று ஒரு வரி சேர்த்தால் தீர்கிற தயக்கம் அது.