எந்த வரிசையில் நிற்பது?

"உயிருக்கு ஆபத்துன்னா வரட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆனா வரிசையில நின்னு முறைப்படி வரலாமே, எதுக்குத் திருட்டுத்தனமா படகுல வரணும்?" அகதிகளைப் பற்றி நெருங்கிய நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டது இது. வெறுப்பில் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. மனது கேட்காமல் இங்கே எழுதுகிறேன்.

படிக்க விசா இருக்கிறது, வேலைக்கு இருக்கிறது, சுற்றிப் பார்க்க இருக்கிறது. "என்னைக் கொல்லத் தேடுகிறார்கள், தஞ்சம் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கும் விசா அநேகமாக எங்கேயும் இல்லை. தஞ்சம் கேட்க அந்த நாட்டு மண்ணில் கால் வைத்திருக்க வேண்டும். கால் வைக்க விசா வேண்டும். விசா இல்லாதவரை ஏற்றி வந்தால் விமான நிறுவனம் அபராதம் கட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2001-லேயே இதற்கு விதி போட்டுவிட்டது. அதனால் போர்டிங் பாஸ் தரும் ஊழியரே ஆளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். படகுக்காரனிடம் கொடுக்கும் காசுக்கு விமான டிக்கெட் வாங்கிவிடலாம். ஆனால் விமானத்தில் ஏற முடியாது.

முறைப்படி கேட்டுப் பார்த்தவர்களும் உண்டு. 2016 அக்டோபரில் சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து ஒரு கணவன், மனைவி, மூன்று சின்னப் பிள்ளைகள் பக்கத்து நாடான லெபனானின் தலைநகர் பெய்ரூட்டில் இருந்த பெல்ஜியத் தூதரகத்துக்குப் போனார்கள். மனிதாபிமான விசா கேட்டார்கள். பெல்ஜியம் போய்த் தஞ்சம் கோரப்போகிறோம் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுச் சிரியாவுக்கே திரும்பினார்கள். குண்டு விழுந்துகொண்டிருந்த ஊர் அது. சில நாட்களில் பதில் வந்தது: நீங்கள் கேட்பது 90 நாள் விசா, ஆனால் தஞ்சம் கேட்டு அதற்கு மேலும் தங்கப் பார்க்கிறீர்கள், ஆகவே கிடையாது. உண்மையைச் சொன்னதே அவர்களுக்கு வினையாகப் போனது. வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனது. அப்படி விசா கொடுக்கும் கடமை ஐரோப்பியச் சட்டத்தில் இல்லை, அது அந்தந்த நாட்டின் பாடு என்று 2017 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அந்தப் பிள்ளைகளை இன்றும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

1951-ல் அகதிகள் உடன்படிக்கையை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆபத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகள் முன் நின்று காரணம் சொல்பவரை, அனுமதியில்லாமல் நுழைந்தார் என்பதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது அதன் 31-ஆம் பிரிவு. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 33-ஆம் பிரிவு. சும்மா எழுதியதில்லை. 1939-ல் செயின்ட் லூயிஸ் கப்பலில் 937 பேர், பெரும்பாலும் யூதர்கள், ஜெர்மனியிலிருந்து கியூபாவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் கையில் கியூபாவில் இறங்குவதற்கான அனுமதிச் சீட்டு இருந்தது. அது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். 28 பேர்தான் ஹவானாவில் இறங்க முடிந்தது. அமெரிக்காவும் ஏற்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதில் இருந்தவர்களில் 254 பேர் பின்னால் நாஜிகளின் இன அழிப்பில் மாண்டார்கள். முறைப்படி வந்தவர்கள்தானே அவர்கள்?

எல்லை வரைக்கும்கூட வந்துசேர முடியாதவர்கள் இதைவிட அதிகம். 2024 முடிவில் உலகம் முழுக்க வீடிழந்து ஓடியவர்கள் 12 கோடிக்கு மேல் என்கிறது ஐ.நா. அகதிகள் ஆணையம். அதில் 7 கோடிக்கும் அதிகமானோர் சொந்த நாட்டுக்குள்ளேயே அலைபவர்கள். அவர்களுக்கு 1951 உடன்படிக்கை பொருந்தாது. 1998-ல் ஐ.நா. வகுத்த வழிகாட்டு நெறிகள் உண்டு, ஆனால் அவை எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது.

சரி, வழி திறக்கவே முடியாதா என்றால், முடியும். 2022-ல் ரஷ்யா படையெடுத்தபோது உக்ரைன் மக்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் எல்லை தாண்டினார்கள். இருபது வருடம் தூங்கிக்கிடந்த தற்காலிகப் பாதுகாப்பு விதியை ஐரோப்பிய ஒன்றியம் ஒரே வாரத்தில், மார்ச் 4 அன்று, தட்டி எழுப்பியது. தங்க அனுமதி, வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் அதில் அடக்கம். மிகச் சரியான காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். அப்புறம், சிரியா மக்களுக்கு பிரேசில் 2013-லேயே மனிதாபிமான விசா தர ஆரம்பித்தது. அப்படி வந்தவர்களுக்குப் படகு தேவைப்படவில்லை.

நண்பரே, அலெப்போ குடும்பமும் அப்படி ஒரு விசாவைத்தான் கேட்டது.