பீட் பான்டோ எங்கே?

அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். 1940களின் நியூயார்க்கை அப்படியே எடுத்து, பெயரை மட்டும் மாற்றி வைத்த ஒரு கற்பனை நகரம், அதில் அடித்துக்கொள்ளும் மாஃபியா குடும்பங்கள். அந்த வீடியோ கேமை நான்கு நாள் விடாமல் விளையாடினான். முடித்த கையோடு கேட்டான்: "மாமா, நிஜத்துல யாரு பெரிய ஆளு? கோஸ்டெல்லோவா, ஜெனோவீஸா?"

அன்று அவனுக்குச் சொன்ன பதிலில் எனக்கே திருப்தி இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நியூயார்க்கின் ஒரு மாஃபியா குடும்பத்துக்குத் தலைவராக இருந்த லக்கி லூசியானோ 1936இல் சிறைக்குப் போனதும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு விட்டோ ஜெனோவீஸ் கைக்கு வந்தது. ஒரு கொலை வழக்குக்குப் பயந்து அவர் 1937இல் இத்தாலிக்கு ஓடிப்போனார். அந்த இடத்தில் ஃபிராங்க் கோஸ்டெல்லோ உட்கார்ந்தார். 1945இல் ஜெனோவீஸைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஆனால் அவருக்கு எதிரான முக்கிய சாட்சி காவலில் இருந்தபோதே விஷம் உடம்பில் ஏறிச் செத்துப்போயிருந்தார். 1946இல் வழக்கு தள்ளுபடி. வெளியே வந்த ஜெனோவீஸ், பறிபோன நாற்காலியைப் பார்த்தபடியே 11 வருடம் காத்திருந்தார்.

கோஸ்டெல்லோ வேறு ரகம். சுடுவதைவிடப் பேசி முடிப்பவர். அரசியல்வாதிகளும் நீதிபதிகளும் அவருடன் நல்ல பழக்கத்தில் இருந்தார்கள். 1951 மார்ச்சில், குற்றக் கும்பல்களை ஆராய்ந்த செனட்டர் கீஃபாவரின் குழு அவரை விசாரித்ததை நாடே டிவியில் பார்த்தது. முகத்தைக் காட்டக் கூடாது என்றார். சரி என்று கேமரா அவர் கைகளை மட்டும் காட்டியது. பிசைந்துகொண்டும் நெளிந்துகொண்டும் இருந்த அந்தக் கைகள் முகத்தைவிட அதிகம் காட்டிக்கொடுத்தன. "இந்த நாட்டுக்காக என்ன செய்தீர்கள்?" என்று கேட்டதற்கு, வரி கட்டினேன் என்று பதில் சொன்னார்.

1957 மே 2 இரவு, சென்ட்ரல் பார்க் பக்கத்தில் அவர் குடியிருந்த மெஜஸ்டிக் கட்டடத்துக்குள் நுழையும்போது ஜெனோவீஸின் ஆளான வின்சென்ட் ஜிகான்டே சுட்டார். கோஸ்டெல்லோ தலையைத் திருப்பியதால் குண்டு தலையோரத்தை உரசிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் போலீஸ் அவர் சட்டைப்பையைத் துழாவியபோது ஒரு துண்டுச் சீட்டு அகப்பட்டது. அதில் சூதாட்ட வசூல் 6,51,284 டாலர் என்று எழுதியிருந்தது. லாஸ் வேகாஸின் டிராபிகானா விடுதிக் கணக்கோடு அது ஒத்துப்போனது. சுட்டவனை அடையாளம் காட்டச் சொன்னபோது, யாரென்று தெரியாது என்று நீதிமன்றத்தில் கோஸ்டெல்லோ கைவிரித்துவிட்டார். ஜிகான்டே விடுதலை. கோஸ்டெல்லோ ஒதுங்கிக்கொள்ள, ஜெனோவீஸ் ஜெயித்தார்.

அடுத்து அக்டோபர் 25. பார்க் ஷெரட்டன் ஹோட்டலின் முடிதிருத்தகத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்த இன்னொரு மாஃபியா தலைவர் ஆல்பர்ட் அனஸ்டாசியாவை இரண்டு பேர் சுட்டுத் தள்ளினார்கள். மாஃபியா பற்றிப் பேசுகிற எல்லாரும் அந்த நாற்காலியைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அங்கேதான் வயிறு எரிகிறது. ஏனென்றால் அனஸ்டாசியாவின் பெயரோடு இன்னொரு முடிதிருத்தகக் கதையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை.

புரூக்ளின் துறைமுகம் அனஸ்டாசியா ஆட்கள் கையில் இருந்தது. தொழிலாளர் சங்கம் என்று பெயர், நடந்ததெல்லாம் வசூல். முடிவெட்டிக்கொண்டாலும் இல்லாவிட்டாலும், அவர்கள் சொல்கிற கடைக்கு மாதாமாதம் டிக்கெட் வாங்கியே ஆகவேண்டும். வீட்டில் ஒயின் போட திராட்சை வேண்டுமா, அதுவும் அவர்கள் சொல்கிற ஆளிடம்தான். கப்பலில் சரக்கு இறக்குகிற கூலிக்காரனின் பையிலிருந்து எடுத்த காசு அது.

வேலை கிடைப்பதே பெரும்பாடு. காலையிலும் மதியமும் கப்பல்துறை வாசலில் ஆட்கள் அரைவட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி ஒவ்வொரு முகமாகப் பார்த்து ஆள் எடுப்பார். சிலர் காதின் மேல் ஒரு பல்குச்சியைச் செருகியிருப்பார்கள். கூலியில் உனக்குப் பங்கு தருகிறேன் என்பதற்கு அதுதான் அடையாளம். வாயால் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துக்கொண்டு அந்தக் குச்சியைக் காதில் செருகியவனின் மனசு எப்படி இருந்திருக்கும்?

அந்த வரிசையில் நின்ற ஒருவர்தான் பீட்டர் பான்டோ. முப்பது வயதுகூட ஆகாத இளைஞர். பங்கு கொடுக்க மாட்டோம், சங்கத்தில் முறையாகக் கூட்டம் போடு, தேர்தல் நடத்து என்று கேட்டார். அவ்வளவுதான் அவர் கேட்டது. தொழிலாளிகள் அவர் பின்னால் திரண்டார்கள். 1939 ஜூலை 14 அன்று வீட்டை விட்டுக் கிளம்பியவர் திரும்பவில்லை. துறைமுகச் சுவர்களில் ஆங்கிலத்திலும் இத்தாலியிலும் எழுத்துகள் முளைத்தன: "பான்டோ எங்கே?" 1941 ஜனவரியில் நியூ ஜெர்சியின் லிண்ட்ஹர்ஸ்டில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்த உடலைத் தோண்டி எடுத்தார்கள்.

அப்போது புரூக்ளினின் அரசு வழக்கறிஞர் வில்லியம் ஓட்வயர். பான்டோ கொலையில் சந்தேகிக்கப்பட்ட அனஸ்டாசியா மீது அவர் வழக்கே போடவில்லை. கும்பலிலிருந்து பிரிந்து முக்கிய சாட்சியாக மாறிய ஏப் ரெலெஸ், 1941 நவம்பரில் போலீஸ் தன்னைக் காவலில் வைத்திருந்த ஹாஃப் மூன் ஹோட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து செத்தார். ஓட்வயர் பின்னால் நியூயார்க் மேயரே ஆனார். 1942இல் அவர் கோஸ்டெல்லோவின் வீட்டுக்கே போய் வந்தது செனட் விசாரணையில் வெளியே வந்தது. இப்போது சொல்லுங்கள், "சுடாமல் பேசி முடித்த கனவான்" கோஸ்டெல்லோ என்று எப்படிப் புகழ்வது? அந்த வீட்டு வரவேற்பறையும் அந்தச் சுண்ணாம்புக் குழியும் எனக்குத் தனித்தனியாகத் தெரியவில்லை.

கற்பனை நகரம் கட்டுகிறவர்கள் தொப்பி, கோட்டு, கார் எல்லாம் அச்சு அசலாகக் கொண்டுவருகிறார்கள். தலைவர்களுக்குள் யார் யாரை ஏமாற்றினார் என்பதில் எத்தனை நுணுக்கம்! அந்த அரைவட்டத்தில் நின்றவனுக்கு ஒரு பெயர் வைக்க மட்டும் மனசு வருவதில்லை. அவன் பணத்தில்தானே அந்த நகரமே நடக்கிறது? கதையின் நாயகன் துப்பாக்கி தூக்கியவனாகவே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தச் சுவரெழுத்து மட்டுமாவது ஒரு தெருவில் கண்ணில் படட்டும்.

பல்குச்சி வரிசை ஒழிய 1953 வரை ஆனது, துறைமுகத்துக்கென்று தனி ஆணையம் வந்த பிறகு. ஜெனோவீஸ் 1969இல் சிறைக் கைதியாகச் செத்தார். கோஸ்டெல்லோ 1973இல் மாரடைப்பில் போனார். பான்டோவின் கொலைக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.