சிபிசியில் "சார் கரெக்டா சொன்னாரா?"

மருத்துவக் கல்லூரிகளில் சிபிசி (கிளினிகோ-பேத்தாலஜிக்கல் கான்ஃபரன்ஸ்; நிபுணர் ஒருவர் மேடையில் ஒரு கேஸை அலசி நோயைக் கண்டுபிடிக்கும் கூட்டம்) முடிந்ததும் எல்லாரும் கேட்பது இதைத்தான். இந்தக் கேள்விக்கு நாம் அளவுக்கு மீறி மதிப்புக் கொடுக்கிறோம்.

பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் ரிச்சர்ட் கேபட் வேரூன்றச் செய்த முறை இது. கேஸ் ஷீட்டை நிபுணரிடம் கொடுத்து, முடிவை மட்டும் மறைத்துவிடுவார்கள். அவர் எல்லார் முன்னாலும் யோசித்து ஒரு நோயைச் சொல்வார். கடைசியில் திசுவைச் சோதித்த பேத்தாலஜிஸ்ட் ஸ்லைடைக் காட்டி விடையைச் சொல்வார்.

அங்கே அலசப்பட்ட 19 கேஸ்களை வைத்து நோயைக் கண்டறியும் இன்டர்னிஸ்ட்-1 என்ற கணினி நிரலைச் சோதித்த முடிவு 1982இல் வெளியானது. மொத்தம் 43 நோய்கள். நிரல் 25ஐப் பிடித்தது, சிகிச்சை செய்த டாக்டர்கள் 28, மேடையில் பேசிய நிபுணர்கள் 35. இதை வைத்து வார்டு டாக்டரை மட்டம் தட்டுவது நியாயமே இல்லை. மேடை நிபுணருக்குக் கிடைப்பது வடிகட்டிய விவரம். சாதாரண கேஸ் மேடைக்கு வராது என்பதும், கடைசியில் பயாப்சியோ பிரேதப் பரிசோதனையோ விடை சொல்லும் என்பதும் அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

ஒருவகைச் சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சலான ஸ்க்ரப் டைஃபஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கடித்த இடத்தில் பலருக்குப் பொருக்கு உண்டாகும். "இடது அக்குளில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு, வலி இல்லை" என்று ஷீட்டில் இருந்தால் இறுதியாண்டு மாணவரே சொல்லிவிடுவார். வார்டில் நோயாளி அதைச் சொல்லவே மாட்டார். வலியோ அரிப்போ இருந்தால்தானே தெரியும்? கையைத் தூக்கி அக்குள், மார்பகத்துக்கு அடியில், தொடையிடுக்கு, காதுக்குப் பின்னால் என்று ஒருவர் தேடியாக வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மிஞ்சுவது எட்டு நாள் காய்ச்சல், பிளேட்லெட் 60,000, கூடிய கல்லீரல் என்சைம், டெங்கு நெகட்டிவ். அதே நிபுணர் லெப்டோ (எலிக்காய்ச்சல்), மலேரியா, டைஃபாய்டு என்று சுற்றுவார். இதற்குள் செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருக்கும். அது இந்தக் கிருமியிடம் வேலை செய்யாது. டாக்ஸிசைக்ளின் என்ற வேறு ஆன்டிபயாடிக் போட்டால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். தாமதமானால் நுரையீரல் பாதிக்கப்பட்டு வென்டிலேட்டர் வரை போகும்.

2023இல் ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவு நிரலை இப்படிப்பட்ட 70 கேஸ்களில் சோதித்தபோது, அது முதலில் சொன்ன நோய் 39% கேஸ்களில் சரியாக இருந்தது; 64%இல் சரியான நோய் பட்டியலில் எங்காவது இருந்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அதற்கும் அக்குளைப் பார்த்து எழுதிக் கொடுத்தவர் ஒரு மனிதர்.

சிபிசி நடத்துகிறவர்களுக்கு என் கோரிக்கை: லேப் ரிப்போர்ட் தருவதற்கு முன்பே நிபுணர் மூன்று நோய்களை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம் வாய்ப்பு என்பதோடு, தாளில் எழுதித் தரட்டும். ரிப்போர்ட் வந்த பிறகு மறுபடியும் எழுதட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எந்தத் தகவல் அவரைத் திருப்பியது, எதைச் சீக்கிரமே கைவிட்டார் என்று மாணவருக்குப் புரியும். நடுநடுவே சாதாரண நோய் ஒன்றையும் மேடையேற்றுங்கள். கேஸ் ஷீட் முதல் 24 மணி நேரத்தில் எழுதியபடியே இருக்கட்டும். விடை தெரிந்தவர் உட்கார்ந்து திருத்தினால் தன்னையறியாமலே துப்புக் கொடுத்துவிடுவார். பரிசோதிக்காத இடத்துக்கு "பார்க்கவில்லை" என்றே போடுங்கள், "நார்மல்" என்று போடாதீர்கள்.