நாலரை மடங்கு என்பது பாதிக் கதை

சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைச் சாப்பிட்டால் விழித்திரை விலகிவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரேயடியாக அடித்துச் சொல்கிறது. அது பாதிக் கதைதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா நோயாளிகளை வைத்து 2012இல் வந்த ஆய்வு, அந்த வகை மாத்திரையை உட்கொண்டுவரும்போது ஆபத்து நாலரை மடங்கு என்றது. மடங்கைக் கேட்டால் குலை நடுங்கும். ஆனால், பத்தாயிரம் பேர் ஆண்டு முழுவதும் விழுங்கினால் கூடுதலாக நான்கு பேர் என்பதுதான் அதன் கணக்கு. ஐந்து நாள் மாத்திரைக்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். மறு ஆண்டே டென்மார்க்கில் லட்சக்கணக்கான பதிவுகளை அலசியவர்களுக்கு அந்தத் தொடர்பு தென்படவில்லை. (இந்த மாத்திரைகளால் தசைநாண் கிழியலாம் என்ற எச்சரிக்கை வேறு, அது உண்மை.)

எனக்கு மைனஸ் ஒன்பது பவர், அதாவது கடுமையான கிட்டப்பார்வை. சென்ற ஆண்டு இடது கண்ணில் மின்னல் வெட்டியது, கொசுக்கூட்டம்போலப் புள்ளிகள், மறுநாள் ஓரத்தில் கறுப்புத் திரை: விழித்திரை விலகியிருந்தது. அதற்கு முன் மாதக்கணக்கில் ஒரு மாத்திரைகூட நான் தொட்டதில்லை. அறுவை சிகிச்சை முடிந்து, கண்ணுக்குள் வாயுக் குமிழியோடு ஒரு வாரம் குப்புறக் கிடந்தேன். அப்போது தினமும் நான்கு வேளை விட்ட சொட்டு மருந்து மாக்சிஃப்ளாக்சசின். அதே குடும்பம்தான்! இந்தக் கட்டுரையை அன்று படித்திருந்தால் என் மனைவி அந்தக் குப்பியைக் குப்பையில் வீசியிருப்பாள். மின்னல் தெரிந்த அன்றே போகாமல் ஒரு நாள் கடத்தியதற்கு டாக்டரிடம் வாங்கிய திட்டு தனி.