குட்டிப் பிள்ளைகளுக்கும் மீன் கொடுங்க

குளச்சலும் முட்டமும் தேங்காய்ப்பட்டணமும் இருக்கிற குமரி மாவட்டம் நம்முடையது. பெரியவர்கள் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியுமாகச் சாப்பிடுகிறோம். அதே வீட்டில் ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பருப்புச் சோறு, இல்லாவிட்டால் பாலில் ஊறிய பிஸ்கட். கேட்டால் "முள் குத்திரும், எரிக்கும்" என்கிறார்கள். முள் பயம் நியாயம்தான். அதற்காக மீனே வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இங்கிலாந்தில் ஃபிஷ் பை என்று ஒன்று செய்வார்கள். அடியில் முள் எடுத்த மீன், பாலும் மாவும் சேர்த்த கெட்டிக் குழம்பு. மேலே மசித்த உருளைக்கிழங்கு. ஆட்டுக்கறி வைத்தால் ஷெப்பர்ட்ஸ் பை, மாட்டுக்கறி வைத்தால் காட்டேஜ் பை. கிழங்கும் மீனும்தானே, நமக்கு இதில் என்ன புதுசு?

மீனுக்கு நெய்மீன்தான் வேண்டும் என்று காசைக் கொட்ட வேண்டாம். விளமீன், பாறை போதும். சாளையில் பொடி முள் அதிகம், அது வேண்டாம். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேரும் என்பதால் குழந்தைகளுக்கு நான் கொடுப்பதில்லை. மீனை மஞ்சள் போட்டு வேகவைத்து, ஆறியதும் விரலால் உதிர்த்து உதிர்த்து முள் பாருங்கள். கண்ணை நம்பாதீர்கள், விரல்தான் சொல்லும். ஒரு தடவை பார்த்த பிறகு வேறொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சின்ன உள்ளியும் துருவிய கேரட்டும் வதக்கி, அரிசி மாவு ஒரு கரண்டி தூவி, தேங்காய்ப்பால் ஊற்றிச் சின்னத் தீயில் கெட்டியானதும் மீனைச் சேர்த்தால் அடிப்பகுதி தயார். மிளகாய் வேண்டாம்.

உருளைக்கிழங்கைச் சூட்டோடு கையால் மசியுங்கள். மிக்ஸியில் போட்டால் மாவுச்சத்து வெளியே வந்து பசையாகிவிடும். மரச்சீனியையே மேலே வைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: நமக்குச் சரி, ஆனால் மசித்தால் அது இழுவையாகத்தான் வரும். சின்னத் தொண்டைக்கு உருளைக்கிழங்கே நல்லது.

ஓவன் இருந்தால் 180 டிகிரியில், மேல்பக்கம் லேசாகச் சிவக்கும்வரை வையுங்கள். இல்லையென்றால் கிண்ணத்தை வாழையிலையால் மூடி இட்லிச் சட்டியில் ஆவி காட்டுங்கள். மேலே மொறுமொறுப்பு வராது. பல் முளைக்கிற பிள்ளைக்கு அது தேவையும் இல்லை. அப்புறம், மேலே ஆறினாலும் உள்ளே கொதிக்கும். பிளந்து ஆறவைத்த பிறகே கொடுங்கள்.

உப்பு விஷயத்தில்தான் வீட்டில் சண்டை வரும். "உப்பில்லாம பிள்ளை எப்படித் தின்னும்?" என்று அம்மை கேட்பார்கள். ஒன்று முதல் மூன்று வயது வரை நாளைக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். பிஸ்கட்டில் இருக்கிற உப்பும் அந்தக் கணக்கில்தான் சேரும். தேங்காய்ப்பாலின் இனிப்பே பிள்ளைக்குப் போதும். உப்பு வேண்டிய பெரியவர்கள் தங்கள் தட்டில் போட்டுக்கொள்ளட்டும்.

மீன் முதன்முதலாகக் கொடுக்கிறீர்கள் என்றால் ஒரு கரண்டி மட்டும். உடம்பில் தடிப்பு, வாந்தி ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். ஒத்துக்கொண்டால் அடுத்த தடவை கிண்ணத்தையும் கரண்டியையும் பிள்ளை கையிலேயே கொடுத்துவிடுங்கள். கிழங்கு கரண்டியில் ஒட்டி நிற்கும், சோறு மாதிரிச் சிந்தாது. போனைக் காட்டி வாயில் திணிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். தரையில் பழைய பேப்பர் விரித்தால் துடைக்கிற வேலையும் இல்லை.