ப்ரொசஸர் வேகம் கூடினால் சவுண்ட் கார்ட் பங்கு ஏறுமா?

"ப்ரொசஸர் வேகம் கூடக்கூட சவுண்ட் கார்ட் கம்பெனிகளின் பங்கும் ஏறும், இப்பவே வாங்குங்கோ" என்று யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கிழமை சுற்றும் தகவல் பிழை. நடந்தது நேர்மாறு. 1989இல் கிரியேட்டிவ் கம்பெனியின் சவுண்ட் பிளாஸ்டர் கார்ட் வந்தபோது ப்ரொசஸருக்கு ஒலி வேலைகளையெல்லாம் தானே செய்யும் தெம்பு இல்லை, ஒலிக்கென்று கணினியில் செருகும் தனிக் கார்ட் தேவைப்பட அதுவும் ஒரு காரணம். பிறகு ப்ரொசஸர் வலுத்து அந்த வேலையைத் தானே செய்யத் தொடங்க, 1997இல் இன்டெல் ஒலிச் சிப்புகளுக்கான ஏசி'97 தரவரையறையையும் கொண்டுவர, மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகையில்) ஒரு மலிவுச் சிப்பே போதும் என்றாகிவிட்டது. 2000இல் சவுண்ட் கார்ட் சிப் செய்த ஆரியல் கம்பெனி திவால், அதன் சொத்தை வாங்கியது கிரியேட்டிவ். சரி, வாங்கியவராவது தப்பினாரா? 2007இல் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் விஸ்டா வந்து, ஒலி வேலையைச் சவுண்ட் கார்டிடம் ஒப்படைக்கும் டைரக்ட்சவுண்டின் ஹார்ட்வேர் வசதியையே கழற்றிவிட்டது, அதே ஆண்டு கிரியேட்டிவ் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கை விட்டு விலகியது. சந்தேகமென்றால் உங்கள் கணினியில் ஹெட்போன் செருகும் ஓட்டையைப் பாருங்கள், பெரும்பாலும் மதர்போர்டோடுதான் இருக்கும்.